சீனிக் கணக்கில் விழாத சீனி

கடைச் செலவில் இரு வகை உண்டு. வாடகை, சம்பளம், லொறிக் கூலி எல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. சிந்துவது, எலி தின்பது, நிறை குறைவது எல்லாம் தெரியாமல் போபவை. கடையைச் சாய்ப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான். நீரிழிவு நோயாளரின் உணவிலும் இதே கதைதான் நடக்கின்றது.

இறக்குவானை, பலாங்கொடை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை என்று சப்ரகமுவையின் தோட்டங்களை அண்டி வியாபாரம் செய்யும் எம்மவர்கள் இதை அன்றாடம் காண்கின்றோம். கிளினிக் போய்வந்த தோட்டத்து அம்மா ஒருவர், "முதலாளி, தேத்தண்ணிக்குச் சீனியே போடுறதில்ல. அப்படியும் வருத்தம் குறையுதில்லையே" என்று கவலைப்பட்டார். அவரது கடன் கொப்பியைப் புரட்டினேன். சீனி குறைந்திருந்தது உண்மைதான். ஆனால் கோதுமை மா, கித்துள் கருப்பட்டி, கிறீம் கிறேக்கர், டின்பால் யாவும் பழையபடியே இருந்தன.

கணக்கைப் பாருங்கள். ஒரு தேக்கரண்டி சீனி சுமார் 4 கிராம். 100 கிராம் கோதுமை மாவில் சுமார் 75 கிராம் மாச்சத்து உண்டு. கொழுந்து மலைக்குக் கட்டிக்கொண்டு போகும் ரொட்டி வயிற்றுக்குள் போனதும் இந்த மாச்சத்துத்தான் குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் சேர்கின்றது. நாக்குக்கு இனிக்காததால் யாரும் அதைச் சீனி என்று எண்ணுவதில்லை.

கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடிப்பவர்கள் அது இயற்கையானது என்கின்றனர். கித்துள் கருப்பட்டியிலும் பெரும்பகுதி சீனியே. டின்பாலில் பாதிக்கு மேல் சீனி. குரக்கன் மா நார்ச்சத்து உள்ளது, நல்லது. ஆயினும் அதிலும் மாச்சத்து கோதுமையளவுக்கு உண்டு. அதை 'சீனி வருத்தத்துக்கு மருந்து' என்று சொல்லி விற்பது வியாபாரிக்கு அழகல்ல.

மென்பானப் போத்தல்களில் 2016 ஓகஸ்ட் 1 முதல் நிற அடையாளம் கட்டாயமாக்கப்பட்டது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், அதற்குக் குறைந்தால் பச்சை. மஞ்சளைக் கண்டு ஏமாறக் கூடாது. 100 மில்லிலீற்றரில் 9 கிராம் உள்ள 400 மில்லிலீற்றர் போத்தலை முழுதாகக் குடித்தால் 36 கிராம், அதாவது 9 தேக்கரண்டி சீனி. சேர்க்கும் சீனி நாளொன்றுக்கு 25 கிராம் அளவுக்குக் குறைந்தால் மேலும் நன்று என்பது உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன ஆலோசனை.

பக்கற்றின் பின்புறத்தையும் வாசியுங்கள். எது கூடுதலாக உள்ளதோ அதுவே பட்டியலில் முதலில் வரும். குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், மோல்டோடெக்ஸ்ட்ரின் என்பனவும் இரத்தத்தில் சீனியை ஏற்றுபவையே. 'சீனி சேர்க்கப்படவில்லை' என்று எழுதிய பிஸ்கட்டிலும் மா இருக்கின்றது. எனவே சீனி என்ற வரியோடு நிற்காமல் மொத்தக் காபோவைதரேற்று என்ற வரியையும் பாருங்கள்.

ரொட்டியை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. மலையேறி உழைப்பவருக்கு உணவு வேண்டும். அதிலும் இன்சுலின் ஏற்றுபவரோ குளிசை குடிப்பவரோ திடீரென உணவைக் குறைத்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கி மயங்கி விழ நேரலாம். வைத்தியரிடம் கேட்டே மாற்ற வேண்டும். மூன்று ரொட்டியை இரண்டாக்கி, அவித்த கடலையோ கௌபியோ பாசிப்பயறோ மல்லுங்கோடு சேர்ப்பது பலருக்கும் இயலக்கூடிய வழி. மரவள்ளி, ஈரப்பலாக்காய் சாப்பிடும் நாளில் அவற்றைக் கறியாக எண்ணாமல் சோற்றின் பங்கில் கழிக்க வேண்டும்.

2005-2006 கால ஆய்வொன்றிலேயே இந்நாட்டில் வளர்ந்தோரில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு காணப்பட்டது. காலில் புண் வந்து ஆறாவிட்டால் கொழுந்து பறிப்பவரின் சம்பளம் நின்றுவிடும். அந்த வீட்டின் கடன் கொப்பி நம் மேசையில்தான் கிடக்கும். பயறும் கடலையும் மாவைவிட விலை கூடியவை. எனவே அவற்றை 100 கிராம் பொதிகளாகக் கட்டி, மா மூடைக்குப் பக்கத்திலேயே வையுங்கள். கையில் உள்ள காசுக்கு வாங்கக்கூடியதாக இருந்தால் சனம் நிச்சயம் வாங்கும்.