மரவள்ளியில் மாவுப்பூச்சி: மருந்தடிக்கும் முன் நுனியைப் பிரித்துப் பாருங்கள்

சேலம் கொண்டப்பநாயக்கன்பட்டி பக்கம் மலையடிவாரக் காடுகளில் குச்சிக்கிழங்கு போட்டிருப்பவர்கள் மாசி, பங்குனி வந்தால் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "செடியோட கொண்டை சுருண்டு நிக்குது, என்ன மருந்து அடிக்கலாம்?" மருந்தின் பெயரை நான் உடனே சொல்வதில்லை. முதலில் சுருண்ட நுனியைப் பிரித்துப் பாருங்கள்.

உள்ளே வெள்ளை மாவு பூசியதுபோல் பூச்சிகள் இருக்கும். மாவை விரலால் துடைத்தால் உடல் மஞ்சளாகத் தெரிந்தால் அது பப்பாளி மாவுப்பூச்சி. இளஞ்சிவப்பாக இருந்தால் மரவள்ளி மாவுப்பூச்சி. நுனி இலைகள் கொத்தாகச் சுருங்கி, கணுக்களுக்கு இடையே நீளம் குறைந்து, தண்டு கோணலாகிப் போவது இந்தச் சிவப்புப் பூச்சியின் வேலை. இதற்கு ஆண் பூச்சியே தேவையில்லை. ஒரு பெண் பூச்சி வந்து ஒட்டினால் போதும், அதிலிருந்தே கூட்டம் பெருகிவிடும். மழை குறைந்த மாதங்களில் வேகமாகப் பரவும்.

நம் நாட்டில் இது 2020-ல் கேரளத்தில் முதலில் தென்பட்டது. பிறகு சேலம், நாமக்கல் மாவட்டங்களில் பரவியது. ஜவ்வரிசி ஆலைகளை நம்பி நடவு செய்யும் நமக்கு இது சிறிய இழப்பு அல்ல. ஆனால் உலகத்துக்கு இது புதிய பூச்சியும் அல்ல. 1970களில் ஆப்பிரிக்காவில் நுழைந்து, மரவள்ளியே அன்றாட உணவாக இருந்த பல நாடுகளை மிரட்டியது. அங்கே ஹான்ஸ் ஹெரன் என்ற விஞ்ஞானியின் குழு, பூச்சியின் பூர்வீகமான தென் அமெரிக்காவிலிருந்து அதன் இயற்கை எதிரியான ஒரு சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டது. பூச்சி அடங்கியது. 1995-ல் ஹெரனுக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது.

அந்தக் குளவியின் பெயர் அனாகைரஸ் லோபெசி. பெங்களூருவிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து இதை வரவழைத்து, தனிமைப்படுத்திச் சோதித்தது. பிறகு 2022 மார்ச்சில் நம் ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் முதன்முதலாக வயலில் விடப்பட்டது. 2010-ல் பப்பாளி மாவுப்பூச்சிக்கு இதேபோல் ஒட்டுண்ணி கொண்டுவந்ததும், பப்பாளி, மல்பெரி, மரவள்ளித் தோட்டங்கள் மீண்டதும் பலருக்கு நினைவிருக்கும்.

குளவி என்றதும் கொட்டுமோ என்று பயப்பட வேண்டாம். இது எறும்பைவிடச் சிறியது, ஆளைக் கொட்டாது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். புழு உள்ளேயே தின்று வளர, மாவுப்பூச்சி பழுப்பு நிறக் கூடாக இறுகிவிடும். இரண்டு, மூன்று வாரத்தில் வட்டமாக ஓட்டை போட்டுப் புதுக் குளவி வெளியே வரும். நுனியைப் பிரித்துப் பார்க்கச் சொல்வது இந்தப் பழுப்புக் கூடுகளுக்காகத்தான். கூடுகள் கண்ணில் பட்டால் தெளிப்பானை எடுக்காதீர்கள்.

மருந்து வேலை செய்யாதா என்று கேட்பீர்கள். செய்யும், அரைகுறையாக. சுருண்ட இலைக்குள் மெழுகு மூடிய பூச்சியை மருந்து முழுதாக எட்டுவதில்லை. வெளியே பறக்கும் குளவியோ முதல் தெளிப்பிலேயே போய்விடும். எஞ்சிய மாவுப்பூச்சி எதிரி இல்லாமல் பெருகும், நீங்கள் மறுபடி கடைக்குப் போவீர்கள். தவிர, ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் செடியின் நுனிக்கு மருந்தடித்தால் அது அடிப்பவரின் முகத்தில்தான் இறங்குகிறது. இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

கூடு எதுவும் இல்லாமல் பூச்சி மட்டும் அப்பியிருந்தால், அந்த நுனிகளை ஒடித்து, உடனே சாக்கில் கட்டி வயலுக்கு வெளியே கொண்டுபோய் எரித்துவிடுங்கள். வரப்பில் போடாதீர்கள். எறும்பு நடமாட்டத்தையும் கவனிக்கவும். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்புத் திரவத்துக்காக எறும்புகள் அதைக் காவல் காத்து, குளவியை விரட்டும். எறும்புப் புற்றுகளைக் கொத்திக் கலைக்க வேண்டும்.

மண் வளத்தையும் இங்கே மறக்கக் கூடாது. ஆப்பிரிக்காவில் சத்தில்லாத மணற்பாங்கான நிலங்களில் இந்தக் குளவி சரியாக வேலை செய்யவில்லை. காரணம் எளிது. வாடிய செடியில் மாவுப்பூச்சியும் சிறுத்துப்போகும். சிறிய பூச்சியில் இட்ட முட்டைகளிலிருந்து ஆண் குளவிகளே அதிகம் வரும், ஆண் குளவி முட்டையிடாது. தொழுவுரம் போட்டு, மூடாக்கு இட்ட நிலத்தில் பெண் குளவிகள் கூடும். ஆகவே நன்கு மக்கிய தொழுவுரத்தையும், ஊடுபயிராகத் தட்டைப்பயறு அல்லது உளுந்தையும் விட்டுவிடாதீர்கள். வீட்டுக்குப் பயறும் ஆகும், மண்ணுக்குத் தழைச்சத்தும் ஆகும்.

பூச்சி ஊர்விட்டு ஊர் போவது பெரும்பாலும் நடவுக் கரணையில்தான். மலிவாகக் கிடைக்கிறது என்று எங்கிருந்தோ வரும் குச்சியை வாங்காமல், உங்கள் காட்டிலேயே பூச்சி தாக்காத செடிகளை அறுவடைக்கு முன்பே அடையாளம் வைத்துக் கரணை எடுங்கள். கரணை நேர்த்தி முறையையும், குளவி கிடைக்குமா என்பதையும் ஏத்தாப்பூர் நிலையத்திலோ சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ நடவுக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். போகும்போது தாக்கிய நுனி ஒன்றை மூடிய பாட்டிலில் போட்டு எடுத்துச் சென்றால், எந்தப் பூச்சி என்பதைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.