ஃபிளாப்பி பேர்டின் இரண்டாவது சாவு

வியட்நாமின் ஹனோய் நகரத்தில் டாங் நுயென் என்ற இளைஞர் 2013-இல் ஒரு சின்ன கேம் எழுதினார். திரையைத் தட்டினால் பறவை ஓர் எம்பு எம்பும், தட்டாவிட்டால் விழும். பச்சைக் குழாய்களில் இடிக்காமல் போக வேண்டும், அவ்வளவுதான். சில மாதம் கேட்பாரற்றுக் கிடந்த 'ஃபிளாப்பி பேர்ட்', 2014 ஜனவரியில் ஊர் உலகத்தையே பிடித்து ஆட்டியது. விளம்பரத்தில் மட்டும் நாளுக்கு 50,000 டாலர் வருவதாகச் செய்தி வந்தது. ஜனங்கள் இதற்கு அடிமையாகிவிட்டார்கள் என்று சொல்லி, பிப்ரவரியில் அவரே அதை விலக்கிக்கொண்டார். பணம் கொட்டும்போது குழாயை மூடுகிறவர்கள் அபூர்வம்.

அது முதல் சாவு. ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தவர்களின் போனில் பறவை பறந்துகொண்டுதான் இருந்தது. அந்தப் போன்களை இணையத்தில் ஏலம் விட்டவர்களும் உண்டு. போனை ஏன் விற்க வேண்டும், கேமை மட்டும் நகலெடுத்துக் கொடுத்தால் போதாதா? ஐபோனில் போதாது. ஆப் ஸ்டோரிலிருந்து இறங்கும் செயலி, இறக்கியவரின் கணக்கோடு சேர்த்துப் பூட்டப்பட்டது.

இரண்டாவது சாவு 2017 செப்டம்பரில் வந்தது. இந்தத் தடவை யாரும் கேமைத் தொடவே இல்லை.

எந்த கேமும் அடியில் சிப்புக்குப் புரியும் எண் கட்டளைகளின் நீண்ட வரிசைதான். பழைய ஐபோன் சிப்புகள் படித்தவை 32 பிட் கட்டளைகள். 32 பிட்டில் எழுதக்கூடிய முகவரிகள் சுமார் 429 கோடி. அதனால் 4 ஜிபிக்கு மேற்பட்ட நினைவகத்தை ஒரு செயலி சுட்டிக்காட்ட வழியில்லை. 2013-இல் ஐபோன் 5எஸ் 64 பிட்டுக்குத் தாவியது. அதன் கட்டளைகள் புதிதாக வகுக்கப்பட்டவை. நான்கு ஆண்டுகள் ஆப்பிள் இரண்டையும் சுமந்தது. எழுத்தைக் காட்டு, ஒலியை எழுப்பு என்று செயலிகள் கேட்கும் வேலைகளுக்கான நிரல்களை இரண்டு வகையிலும் போனில் வைத்திருக்க வேண்டியிருந்தது. 2017 செப்டம்பரில் வந்த ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 11-இல் அந்தச் சுமையை இறக்கி வைத்தார்கள். எழுதியவர் 64 பிட்டுக்கு மாற்றித் தராத செயலிகளெல்லாம் அன்றோடு நின்றன. ஃபிளாப்பி பேர்டைத்தான் எழுதியவரே கைவிட்டாயிற்றே. கோப்பில் ஓர் எண்கூட மாறவில்லை. படிக்க ஆளில்லாமல் போய்விட்டது. ஐஓஎஸ் 11-க்கு மாறாத பழைய போன்களில் மட்டும் அது தப்பித்தது.

பழைய போனை வைத்துக்கூடத் தப்பிக்க முடியாத கேம்கள் வேறு வகை. நிண்டெண்டோவின் 'டிராகாலியா லாஸ்ட்' 2018-இல் வந்து 2022 நவம்பர் 30-இல் மூடப்பட்டது. இத்தகைய கேம்களில் போனில் இருப்பது பெரும்பாலும் படமும் ஒலியும்தான். யாரிடம் என்ன ஆயுதம் இருக்கிறது, யாருக்கு என்ன பரிசு விழும் என்ற கணக்கெல்லாம் நிறுவனத்தின் சர்வரில். காசுக்கு விற்கிற சாமானை ஆடுகிறவர் கையில் விட்டால் திருத்திவிடுவார் என்ற பயம் நியாயமானதே. ஆனால் சர்வர் அணைந்தால் போனில் மிஞ்சுவது கூடு. டிராகாலியா ரசிகர்கள் சிலர் விடாமல், அந்தச் சர்வர் செய்த வேலையைச் செய்யும் நிரலைத் தாங்களே எழுதியிருக்கிறார்கள். காதல் என்றே சொல்லலாம்.

அதே நிண்டெண்டோ 2024 நவம்பரில் 'அனிமல் கிராசிங்: பாக்கெட் கேம்ப்'பின் சேவையை நிறுத்தியபோது வேறு மாதிரி நடந்துகொண்டது. ஒரே தடவை காசு கொடுத்து வாங்கி, இணையம் இல்லாமலும் ஆடும்படி தனிப் பதிப்பை வெளியிட்டது. மூடும் கேமைக் காப்பாற்ற முடியாது என்று கைவிரிக்கும் நிறுவனங்களிடம் இனி இதைக் காட்டிக் கேட்கலாம். கேமில் வருஷக்கணக்காக அலங்கரித்த முகாமை ஆட்டக்காரர்கள் தனிப் பதிப்புக்குள் கொண்டுபோக முடிந்தது. நண்பர்களோடு சந்தை வியாபாரம் செய்வது போன்றவை மட்டும் அதில் இல்லை.