முனைவர் என்பவர் யார்?

மலாக்கா, புக்கிட் பெருவாங்கில் மல்டிமீடியா பல்கலைக்கழக வளாகம் உள்ளது. 1996இல் தொடங்கப்பட்ட அது, நாட்டின் முதல் தனியார் பல்கலைக்கழகம். அங்கே 'டாக்டர்' என்று அழைக்கப்படும் விரிவுரையாளர்களிடம் காய்ச்சலுக்கு மருந்து கேட்க முடியாது. பொறியியலும் சட்டமும் கற்பிப்பவர்கள் அவர்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்தச் சொல் முதலில் அவர்களுக்கே உரியது. இலத்தீன் மொழியில் 'டாக்டர்' என்றால் கற்பிப்பவர். நம் நாட்டு மருத்துவர்கள் பெறுவது இளநிலைப் பட்டம்; 'டாக்டர்' அவர்களுக்கு வழக்கத்தால் வந்த மரியாதை. ஆனால் நம் காதில் டாக்டர் என்றால் மருத்துவர்தான்.

தமிழில் இந்தக் குழப்பம் இல்லை. இலங்கையில் 'கலாநிதி' என்கிறார்கள். தமிழகத்திலும் இங்கும் 'முனைவர்'. ஏதோ நேற்று செய்த சொல் என்று சிலர் நினைக்கலாம். தொல்காப்பிய மரபியலில், முதல்நூலைக் கண்டவனுக்கு 'முனைவன்' என்ற பெயர் இருக்கிறது. பிறர் நூலை ஒட்டிச் செல்வது வழிநூல். எதையும் பின்பற்றாமல் தானே காண்பது முதல்நூல். இன்றைய பட்டத்துக்கும் நிபந்தனை ஏறக்குறைய அதுதான். பல ஆண்டு ஆய்வு செய்து, புதிதாக ஒன்றைக் கண்டு, ஆய்வேடு எழுதி, தேர்வாளர்கள் முன் அமர்ந்து அதை நிலைநாட்ட வேண்டும். மலேசியத் தகுதிக் கட்டமைப்பின் எட்டு நிலைகளில் எட்டாவது இது. இதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது.

ஆகவேதான் கண்டவருக்கெல்லாம் இதைச் சூட்டக் கூடாது. சமூகத் தொண்டுக்காகப் பல்கலைக்கழகம் வழங்குவது மதிப்புறு முனைவர் பட்டம். பெருமைக்குரியதுதான், ஆனால் ஆய்வு செய்து பெற்றதன்று. 'மதிப்புறு' என்ற சொல்லை அழைப்பிதழில் விட்டுவிட்டால் ஆய்வு செய்தவருக்கும் செய்யாதவருக்கும் வேறுபாடு மறைந்துவிடும். 'டாக்டர் முனைவர்' என்று இரண்டையும் சேர்த்து அச்சிடுவது 'நடு சென்டர்' கதை. 'பேராசிரியர் முனைவர்' சரியே. ஒன்று பதவி, மற்றொன்று பட்டம்.

காசு வாங்கிக்கொண்டு ஆய்வே இல்லாமல் பட்டம் தருகிறவர்களும் உண்டு. தோட்டத்தில் பால் வெட்டிச் சேர்த்த பணம் அப்படிப் போவது கொடுமை. உள்நாட்டுக் கல்லூரி எதுவானாலும், அந்தப் படிப்பின் பெயர் மலேசியத் தகுதிகள் பதிவேட்டில் இருக்கிறதா என்று பணம் கட்டுமுன் பார்த்துவிடலாம். இணையத்திலேயே பார்க்கலாம், கட்டணம் கிடையாது.