வேகம் மட்டும் போதுமா? சுவிட்சர்லாந்தின் இரயில் கணக்கு

அதிவேக இரயில் என்றதும் ஜப்பானும் பிரான்சும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம் ஒரு சின்ன நாட்டுக்கும் தேவைதானா? சுவிட்சர்லாந்து இதற்கு என்ன விடை கண்டது என்று இவ்வாரம் பார்ப்போம்.

அங்கே பெரிய நகரங்கள் அருகருகே உள்ளன. கிழக்கையும் மேற்கையும் இணைக்க ஓர் அதிவேகப் பாதை போடலாம் என்று 1970-களில் திட்டம் எழுந்தது. அந்தப் பாதை தொடாத மாநிலங்கள் அதை எதிர்த்தன. வரி கட்டுவது எல்லோரும், வேகம் மட்டும் சிலருக்கா என்பதே பிரச்சினை. திட்டம் கைவிடப்பட்டது.

அட்டவணை முதலில்

அதற்குப் பதிலாக வந்ததுதான் 'இரயில் 2000' திட்டம். 1987 டிசம்பரில் நடந்த பொது வாக்கெடுப்பில் 57 விழுக்காட்டினர் அதை ஆதரித்தனர்.

இத்திட்டத்தின் சூட்சுமம் எளிமையானது. முக்கிய நிலையங்களுக்கு எல்லாத் திசைகளிலிருந்தும் இரயில்கள் மணி அடிப்பதற்குச் சற்று முன் வந்து சேரும். பயணிகள் மாறி ஏறியதும், மணி அடித்த சில நிமிடங்களில் எல்லாம் புறப்பட்டுவிடும். இதற்கு இரு நிலையங்களுக்கு இடையே ஓடும் நேரம் ஒரு மணிக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் போதும். அதைவிடப் பத்து நிமிடம் முன்னதாக வந்தாலும், அடுத்த இரயிலுக்காக அந்தப் பத்து நிமிடமும் காத்திருக்கத்தானே வேண்டும்?

பெர்ன் - சூரிக் பயணத்துக்கு முன்பு ஒரு மணி நேரத்துக்கும் மேல் பிடித்தது. மாட்ஸ்டெட்டன் - ரோத்ரிஸ்ட் இடையே, மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்துக்கு ஏற்ற 45 கிலோமீட்டர் புதிய பாதையை அமைத்தார்கள். 2004 டிசம்பர் 12 முதல் பயண நேரம் ஒரு மணிக்குச் சற்றுக் குறைவானது.

செலவும் கட்டுக்குள்

முதலில் நான்கு புதிய பாதைகள் போடுவதாக இருந்தது. செலவு மதிப்பீடு எகிறியதும் திட்டத்தைச் சுருக்கினார்கள். முழுமையாக அமைந்தது மேற்சொன்ன பாதை ஒன்றுதான். மற்ற சில இடங்களில், வளைவுகளில் சாய்ந்து ஓடும் இரயில்களைக் கொண்டு நேரத்தை மிச்சப்படுத்தினார்கள். முதல் கட்டத்துக்கு 740 கோடி பிராங்க் ஒதுக்கப்பட்டது. செலவானது சுமார் 590 கோடிதான்.

இம்முறையில் ஒரு சிக்கலும் உண்டு. ஓர் இரயில் தாமதமானால், அதை நம்பி வரும் பயணிகள் அடுத்ததைத் தவறவிடுவார்கள். ஆகவே நேரம் தவறாமை இங்கே உயிர்நாடி.

ஓர் இரயில் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதைவிட, சிற்றூரில் ஏறியவர் எத்தனை மணிக்கு வீடு சேர்கிறார் என்பதே முக்கியம். சின்ன நாட்டுக்கு இதுவே சரியான கணக்கு.