பழைய படமும் புதிய தெளிவும்

இளமையிற் கண்டு மகிழ்ந்த திரைப்படமொன்றைப் பல்லாண்டுகளின் பின் வீட்டுத் தொலைக்காட்சியிலே உயர் தெளிவுடன் காணும்போது வியப்பொன்று எழுகின்றது. அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முன் எடுத்த படத்திற்கு இத்துணைத் தெளிவு எங்கிருந்து வந்தது? பொறியொன்று அதனைப் புதிதாகப் படைத்துவிட்டதோ எனச் சிலர் ஐயுறுகின்றனர். நேயர்களே, அத்தெளிவு பெரும்பாலும் அப்படத்திலே முன்னரே இருந்ததுதான். நம் வீட்டுக்கு வந்த வழிதான் குறுகியதாயிருந்தது.

திரைப்படம் 35 மில்லிமீற்றர் அகலமுள்ள சுருளிலே, செக்கனுக்கு 24 படங்களாகப் பதிவாகி வந்தது. அச்சுருளின் மேற்பூச்சிலுள்ள நுண்ணிய வெள்ளியுப்புத் துகள்கள் ஒளியை ஏற்று உருவத்தைத் தருகின்றன. ஓர் இலையின் நரம்பும் ஒரு முகத்தின் சுருக்கமும் அங்கே பதிந்துவிடும். ஆனால், ஒருகாலத்தில் வீடுகளில் வழங்கிய வீடியோ நாடா ஏறத்தாழ 240 கோடுகளின் நுட்பத்தையே காட்ட வல்லது. பின்னர் வந்த டீ.வீ.டீ. இறுவட்டு, நம் நாட்டு முறைப்படி 720க்கு 576 புள்ளிகளைக் கொண்டது. 2006ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த புளூ-றே இறுவட்டோ 1920க்கு 1080 புள்ளிகளைத் தருவது. முன்னையதிலும் ஏறத்தாழ 5 மடங்கு. சிவப்பு ஒளிக்குப் பதிலாக அலைநீளம் குறைந்த நீல ஊதா லேசர் ஒளியைக் கையாள்வதால், அதே அளவுத் தட்டிலே மிகுதியான செய்தியை நெருக்கமாக எழுத முடிகின்றது.

எனினும், இறுவட்டு எத்துணைச் சிறந்ததாயினும் மூலச்சுருள் இல்லையேல் பயன் யாது? இதற்குச் சத்தியஜித் ராயின் அப்பு வரிசைப் படங்களே சிறந்த சான்று. 1955இல் வெளிவந்த 'பதேர் பாஞ்சாலி', 1956இல் வந்த 'அபராஜிதோ', 1959இல் வந்த 'அபுர் சன்சார்' ஆகிய மூன்றும் வங்கக் கிராமத்துச் சிறுவன் ஒருவனின் வாழ்வைக் கூறுவன. ராய் 1992இல் மறைந்தார். மறு ஆண்டு, அவருடைய படங்களின் நெகற்றிவ் சுருள்கள் இலண்டனிலே ஒரு தொழிற்கூடத்தில் இருந்தபோது அங்கு தீ மூண்டது. சுருள்கள் கருகின; முறுகின; ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஆயினும், எஞ்சியவற்றை எறிந்துவிடாது அமெரிக்க ஒஸ்கார் அக்கடமியின் படக் காப்பகத்தார் பேணி வைத்தனர். பயன்படுத்த வழியறியாத பொருளை இருபது ஆண்டுகள் காத்திருந்த அப்பொறுமையை நாம் மறக்கலாகாது.

பின்னர், கிறைற்றீரியன் நிறுவனத்தின் முயற்சியால் அச்சுருள்கள் இத்தாலியின் பொலோனா நகரத்துப் புனரமைப்புக் கூடத்தை அடைந்தன. அங்கே உலர்ந்து நொறுங்கும் சுருளுக்கு இரசாயனக் கரைசலால் ஈரமூட்டினர்; பசையையும் உருகிய பகுதிகளையும் அகற்றினர்; சிதைந்த ஓரத்துளைகளைக் கையாலே சீரமைத்தனர். இவ்வாறு ஏறத்தாழ 1,000 மணிநேரம் உழைத்தனர். 'பதேர் பாஞ்சாலி'யில் ஏறத்தாழ 40 விழுக்காடும், 'அபராஜிதோ'வில் 60 விழுக்காட்டிற்கு மேலும் மூல நெகற்றிவிலிருந்தே மீண்டன. எஞ்சியவற்றைப் பிற காப்பகங்களிலிருந்த நற்பிரதிகளாற் பூர்த்தி செய்தனர். 2015ஆம் ஆண்டில் அப்படங்கள் திரையிலும், பின்னர் இறுவட்டிலும் வெளியாயின.

அதனால் நாம் பெற்ற நயம் யாது? 'அபராஜிதோ'வில் வரும் காசி நகரத்து வீட்டின் முற்றத்தைக் கவனியுங்கள். அது ஸ்ரூடியோவில் அமைத்த முற்றம். ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா அதன் மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, கீழிருந்து விளக்கொளியை அதன்மேற் செலுத்தித் தெறிக்கச் செய்தார். வானத்திலிருந்து இறங்கும் நிழலற்ற மென்மையான ஒளி கிடைத்தது. மங்கிய நாடாவிலே அது வெறும் சாம்பல் நிறம். புதிய பிரதியிலோ சுவரின் சொரசொரப்பும், அதன்மேற் படியும் ஒளியின் படிநிலைகளும் தெரிகின்றன. கதையை முன்பே அறிந்தவரும், கலைஞனின் கைவண்ணத்தை இப்போதுதான் அறிகின்றனர்.

ஆயினும், 'உயர் தெளிவு' என்ற முத்திரையை மட்டும் நம்பிவிடலாகாது. படத்திலே மணல் தூவினாற்போல் அசையும் நுண்துகள் குற்றமன்று. அதுவே படச்சுருளின் இயல்பு. அதனைக் கணினியால் முற்றாகத் துடைத்தெடுப்பின் துகளோடு நுட்பமும் போய்விடும். மாந்தர் முகங்கள் மெழுகுப் பொம்மைபோல் ஆகிவிடும். கறுப்பு வெள்ளைக்கு வண்ணம் பூசுவதும், பழைய சதுரப் பாங்கான படத்தை அகன்ற திரைக்கேற்ப வெட்டுவதும் புனரமைப்பாகா. நல்ல புனரமைப்பு, படைத்தவன் கண்டதையே நமக்கும் காட்ட முயலும்.

இது நமது நாட்டுக்கும் பொருந்தும். 1983ஆம் ஆண்டுக் கலவரத்தில் ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்ரூடியோ எரிந்தபோது படச்சுருள்கள் பல அழிந்தன. அழிந்ததை எந்த லேசரும் மீட்டுத் தராது. ஆகவே, பழைய பெட்டியொன்றில் துருப்பிடித்த தகரப் பேழைக்குள் சுருளொன்று கிடைப்பின், அதனைக் குப்பையென எண்ணாதீர்கள். குளிர்ந்த, ஈரமற்ற இடத்தில் வையுங்கள்; விரித்துப் பார்க்க முயலாது அறிந்தவரிடம் ஒப்படையுங்கள். அதற்குள் ஒரு தலைமுறையின் முகம் இன்னும் தெளிவாகவே இருக்கக்கூடும்.