நிறுவனங்களை இணைக்கும் தகவல் அமைப்புகள்

ஒரு நிறுவனத்தின் கணினியிலிருந்து இன்னொரு நிறுவனத்தின் கணினிக்கு ஆர்டர், இன்வாய்ஸ், ஸ்டாக், பணம் பற்றிய விவரங்கள் நேரடியாகப் போய்ச் சேரும்படி செய்யும் ஏற்பாடே நிறுவனங்களிடைத் தகவல் அமைப்பு. இது இல்லாத இடத்தில், வாங்குபவர் தம் கணினியில் தயாரித்த பர்ச்சேஸ் ஆர்டரை அச்சடித்தோ மின்னஞ்சலிலோ அனுப்புகிறார். விற்பவரின் அலுவலகத்தில் ஒருவர் அதைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்கிறார். சரக்கு கிளம்பும்போது டெலிவரி சலான், பிறகு இன்வாய்ஸ், கடைசியில் வங்கிக்கு ஒரு தாள் என்று அதே எண்கள் நாலைந்து கைகள் மாறுகின்றன. எங்காவது ஓர் இலக்கம் தவறினாலும் பில் பாஸ் ஆகாமல் பணம் நின்றுவிடும்.

இதற்கான தீர்வு இணையத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1948–49இல் பெர்லின் நகருக்கு விமானங்களில் உணவும் நிலக்கரியும் கொண்டுசென்றபோது, அமெரிக்க ராணுவத்தைச் சேர்ந்த எட்வர்ட் கில்பர்ட் சரக்கு விவரங்களை ஒரே சீரான வடிவில் டெலக்ஸ், வானொலி வழியே அனுப்பும் முறையை வகுத்தார். அந்த அனுபவம் பின்னர் மின்னணுத் தரவுப் பரிமாற்றத்துக்கு, அதாவது இ.டி.ஐ.க்கு, அடித்தளமானது. 1979இல் அமெரிக்காவில் எக்ஸ்12 தரங்களை உருவாக்கும் குழு அமைந்தது. 1987இல் ஐ.நா.வின் எடிஃபாக்ட் தரம் உலகப் பொதுவாக வந்தது. எந்த விவரம் எந்த இடத்தில், எந்த வடிவில் வர வேண்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொள்வதுதான் இத்தகைய அமைப்புகளின் உயிர்நாடி.

எழுத்தர் வேலை குறைவதும் பிழை குறைவதும் முதலில் கண்ணுக்குத் தெரியும் பயன்கள். அதைவிடப் பெரிய பயன் கிடங்கில் இருக்கிறது. கடையில் விற்பனை கொஞ்சம் கூடினால் கடைக்காரர் முன்னெச்சரிக்கையாகச் சற்று அதிகமாக ஆர்டர் போடுகிறார். மொத்த வியாபாரி அதற்கும் மேலே போடுகிறார். தொழிற்சாலைக்கு வரும்போது அது பெரும் தேவையாகத் தோன்றுகிறது. பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் தன் பாம்பர்ஸ் டயப்பர் விஷயத்தில் இதைக் கண்டது. குழந்தைகள் பயன்படுத்தும் டயப்பர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒரே அளவில் இருக்க, மேல்மட்டத்துக்கு வரும் ஆர்டர்கள் மட்டும் தாறுமாறாக ஏறி இறங்கின. சாட்டையின் பிடியில் சிறு அசைவு நுனியில் பெரும் வீச்சாவது போன்றது இது. நிர்வாகவியலில் ‘சாட்டை விளைவு’ எனப்படும் இதற்கு மருந்து, கடையின் விற்பனை விவரத்தைத் தயாரிப்பாளரும் பார்க்க வைப்பதே. 1980களின் பிற்பகுதியில் வால்மார்ட்டும் பிராக்டர் அண்ட் கேம்பிளும் அப்படி இணைந்தன. கடையில் சரக்கு குறைவதைப் பார்த்துத் தயாரிப்பாளரே நிரப்பி அனுப்பும் முறை வந்தது. 1991இல் வால்மார்ட் ‘ரீடெய்ல் லிங்க்’ வழியே மற்ற சப்ளையர்களுக்கும் இந்த வாசலைத் திறந்தது.

ஒரு நாடே இணைந்ததற்குச் சிங்கப்பூர் சான்று. 1985இன் பொருளாதாரச் சரிவுக்குப் பின் வணிகச் செலவைக் குறைக்க வழி தேடிய அரசு, 1989 ஜனவரி 1 அன்று ‘டிரேட்நெட்’ அமைப்பைத் தொடங்கியது. அதற்கு முன் ஏற்றுமதி, இறக்குமதி அனுமதிக்குப் பல படிவங்களை நிரப்பி, பல அலுவலகங்களுக்கு ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. அனுமதி வர 2 முதல் 7 நாள் பிடித்தது. டிரேட்நெட்டில் ஒரே மின்னணு விண்ணப்பம் தேவையான துறைகளுக்கெல்லாம் போய், பெரும்பாலான விண்ணப்பங்களுக்குப் பத்து நிமிடங்களுக்குள் விடை வந்தது. துறைமுகத்தில் காத்துக் கிடக்கும் நேரம் குறைந்தால் கப்பல் செலவும் வட்டிச் செலவும் குறையும். வணிகத்தை நம்பி வாழும் நாட்டுக்கு இது பெரும் வரவு.

இவ்வளவு பயன் இருந்தும் எல்லா நிறுவனங்களும் உடனே சேர்ந்துவிடுவதில்லை. ஆய்வாளர்கள் மூன்று காரணிகளைச் சொல்கிறார்கள்: நமக்கு என்ன கிடைக்கும் என்ற கணிப்பு; பணம், ஆள், கணினி வசதி என்ற தயார்நிலை; பெரிய வாடிக்கையாளரோ அரசோ தரும் அழுத்தம். பெரிய நிறுவனம் சொல்வதால் மட்டும் சேரும் சிறு சப்ளையர், வரும் ஆர்டரை அச்சடித்துத் தம் கணக்கில் கையால் ஏற்றிக்கொண்டிருப்பார். அவருக்குச் செலவுதான் மிஞ்சும். உள்ளேயுள்ள கணக்கு மென்பொருளோடு இணைத்தால்தான் பலன் கிடைக்கும்.

நான்காவதாக ஒன்று உண்டு: அமைப்பு யாருடையது என்ற கேள்வி. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1976 முதல் தன் ‘சேபர்’ முன்பதிவு முனையங்களைப் பயண முகவர்களுக்குக் கொடுத்தது. திரையில் அதன் விமானங்களே முன்னால் வரும்படி அமைந்திருந்ததால் மற்ற நிறுவனங்கள் முறையிட்டன; 1984இல் அமெரிக்க அரசு அத்தகைய பாரபட்சத்துக்குத் தடை விதித்தது. 2018இல் மெர்ஸ்க் கப்பல் நிறுவனமும் ஐ.பி.எம்.மும் தொடங்கிய ‘டிரேட்லென்ஸ்’ தளத்தில் எம்.எஸ்.சி., சி.எம்.ஏ. சி.ஜி.எம். போன்ற போட்டியாளர்களும் சேர்ந்தனர். ஆனாலும் துறை முழுவதன் ஒத்துழைப்பு கிட்டவில்லை என்று சொல்லி, 2022 நவம்பரில் மெர்ஸ்க்கும் ஐ.பி.எம்.மும் அதை மூடப்போவதாக அறிவித்தன. மாறாக, 1973இல் 15 நாடுகளின் 239 வங்கிகள் கூட்டுறவாகத் தொடங்கிய ‘ஸ்விஃப்ட்’ இன்றும் உலக வங்கிகளின் செய்திப் பாதையாக விளங்குகிறது. அதன் உடைமை உறுப்பு வங்கிகளிடமே இருக்கிறது.

இந்தியாவில் இந்த மாற்றத்தைப் பெரும்பாலும் அரசே முன்னின்று நடத்துகிறது. ஜி.எஸ்.டி.யின் மின்-இன்வாய்ஸ் முறை 2020 அக்டோபரில் ஆண்டு விற்றுமுதல் 500 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட நிறுவனங்களுக்குக் கட்டாயமானது. அந்த வரம்பு படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு வந்தது. இதனால் நாடு முழுவதும் இன்வாய்ஸுக்கு ஒரே வடிவம் கிடைத்தது. விற்பவர் பதிந்த விவரம் ஜி.எஸ்.டி. கணக்குக்குத் தானே போய்ச் சேருகிறது.

சிறு தொழில்களுக்கு இன்னும் நெருக்கமானது டிரெட்ஸ் என்ற தளம். ரிசர்வ் வங்கியின் அனுமதியோடு இயங்கும் இதில், சிறு நிறுவனம் தன் இன்வாய்ஸைப் பதிகிறது. வாங்கிய பெரிய நிறுவனம் ‘ஆம், தர வேண்டிய தொகைதான்’ என்று ஏற்கிறது. பிறகு வங்கிகள் போட்டியிட்டு வட்டி விகிதம் சொல்கின்றன. குறைந்த வட்டி சொன்ன வங்கியிடமிருந்து பணம் சில நாட்களிலேயே வந்துவிடும். வாங்கியவரின் நாணயத்தை வைத்து விகிதம் அமைவதால் சிறியவருக்கு வட்டி குறையும். வாங்கியவர் பின்னர் தவறினாலும் வங்கி சிறியவரிடம் திரும்பக் கேட்பதில்லை. இத்தளத்தில் கட்டாயம் பதிவு செய்ய வேண்டிய நிறுவனங்களின் விற்றுமுதல் வரம்பு 2024இல் 500 கோடியிலிருந்து 250 கோடியாகக் குறைக்கப்பட்டது.

இப்படிச் சேர நினைக்கும் சிறு நிறுவனம் முதலில் தன் பொருள்களின் குறியீடு, விலைப்பட்டியல், வாடிக்கையாளர் விவரம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டும். ஒரே வாடிக்கையாளருக்கென்று தனியாக அமைந்த தளத்தைவிடப் பொதுத் தரத்தில் இயங்கும் தளம் நல்லது. நாளை வேறு வாடிக்கையாளர் வந்தாலும் உதவும். தன் விலையும் விற்பனை விவரமும் யார் கண்ணில் படும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத்தில் வாங்கிக்கொள்வது அவசியம். பெரிய நிறுவனங்களுக்கும் ஒரு கடமை உண்டு: இணைப்புச் செலவையும் பயிற்சியையும் பகிர்ந்துகொள்வது. சிறியவருக்கும் லாபம் கிடைக்கும்படி அமைந்த பகிர்வே நிலைத்து நிற்கும்.