கதிருக்குள் தெளித்த உளுந்து

தமிழ்நாட்டில் ஓராண்டில் பெய்யும் மழை சுமார் 920 மில்லிமீட்டர். அதில் ஏறக்குறையப் பாதியை வடகிழக்குப் பருவமழையே கொட்டிவிடுகிறது. ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதத்துக்கும் சேர்த்து வாய்ப்பது 30 மில்லிமீட்டர் அளவுக்குத்தான். மார்ச் முதல் மே வரை பெய்யும் கோடை மழை சுமார் 125 மில்லிமீட்டர். கணக்கில் சிறிய இந்த மழையை ஒட்டித்தான் காவிரிப் படுகையில் தை முதல் சித்திரை வரையிலான வயல் வேலைகள் ஒரு காலத்தில் அமைந்திருந்தன. இன்றும் அதே மாதங்களில்தான் வேலை நடக்கிறது. மழை வந்தால் மகிழ்கிறவர்கள்தான் குறைந்துவிட்டார்கள்.

அன்று சம்பா அறுவடைக்கு ஒரு வாரமோ பத்து நாளோ இருக்கும்போதே உளுந்து விதைப்பு முடிந்துவிடும். வயலை வடியவிட்டு, மண் மெழுகு பதத்துக்கு வரும்வரை காத்திருப்பார்கள். கால் வைத்தால் தடம் பதிய வேண்டும். ஆனால் தடத்தில் தண்ணீர் ஊறக் கூடாது, குதிகாலில் சேறு அப்பக் கூடாது. அந்தப் பதம் நெடுநாள் நிற்காது. விதைக்கிறவர் மடியில் விதையைக் கட்டிக்கொண்டு, சாய்ந்து கிடக்கும் கதிரை முழங்காலால் விலக்கியபடி உள்ளே இறங்கி, கைவீச்சாகத் தெளித்துக்கொண்டே போவார். ஏக்கருக்கு எட்டிலிருந்து பத்து கிலோ. தாளில் பட்டு வழுக்கி விழும் விதை ஈர மண்ணில் ஒட்டிக்கொள்ளும். அதற்கென்று உழவு இல்லை, பாசனம் இல்லை. நெல்லுக்குப் போட்ட எருவின் மிச்சமே அதற்கும் எரு.

அறுப்பு ஆட்கள் இறங்கும்போது உளுந்து இரண்டு இலை விட்டிருக்கும். வெறுங்காலோடு குனிந்து கருக்கரிவாளால் அறுத்துக்கொண்டு போகிறவர்களின் மிதி அதற்குப் பெரிய சேதமில்லை. அழுந்திய கன்று பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். பிறகு அது கேட்டதெல்லாம் மண்ணில் தங்கிய ஈரமும் மாசிப் பனியும்தான். இடையில் ஒரு தூறல் விழுந்தால் கூடுதல் வரவு. பங்குனியில் பெண்கள் செடியைப் பிடுங்கினார்கள். பிடுங்கியதில் ஒரு பங்கு கூலியாக அவர்கள் வீட்டுக்கும் போனது. நெல் பணம் கடனுக்குப் போனாலும் உளுந்துப் பணம் கையில் நிற்கும் என்பது டெல்டாக் குடும்பங்களின் கணக்கு.

அந்தக் காலத்தை அழகாக்கிச் சொல்வது சுலபம். அறுத்த கதிர் அரியரியாக வயலில் காய வேண்டும். கட்டாகக் கட்டித் தலைச்சுமையாகக் களத்துக்குப் போக வேண்டும். அடித்து, போர் போட்டு, மாடு கட்டி மிதிக்கவிட்டு, தூற்றி, அளந்து வீடு சேர்க்கப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். அதற்குள் தை மழை பிடித்துக்கொண்டால் அரியிலேயே நெல் முளைவிடும். அந்த இடுப்பொடிக்கும் வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் சொந்தமாக ஒரு குழி நிலம்கூட இல்லாதவர்கள். அவர்களின் பிள்ளைகள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுத் திருப்பூருக்கும் சென்னைக்கும் போனதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

இன்று அறுவடை இயந்திரம் வரப்பேறி இறங்கினால் ஒரு மணி நேரத்தில் ஏக்கர் முடிந்துவிடுகிறது. காலையில் கதிராக நின்றது மாலையில் மூட்டையில். ஆனால் அதே இயந்திரத்தின் எடையில் முன்கூட்டித் தெளித்த உளுந்துக் கன்று நசுங்குகிறது. டயர் வண்டி போன தடம் வாய்க்கால்போல் பள்ளமாகிறது. பிறகு மழை பெய்தால் தண்ணீர் அங்கே தங்க, பக்கத்துச் செடி அழுகுகிறது. பெல்ட் வண்டிக்குச் சேதம் குறைவு, வாடகை அதிகம். பின்னால் உதறிப்போகும் வைக்கோல் கன்றை மூடிக்கொள்ள, அதைச் சுருட்டிக் கட்ட இன்னொரு டிராக்டர் அதே வயலில் இறங்குகிறது. ஆகவே பலர் அறுவடைக்குப் பிறகே விதைக்கிறார்கள். அப்போது மெழுகு பதம் போயிருக்கும், ஒரு தண்ணீராவது கட்டியாக வேண்டும். மேட்டூர் அணையை மூடும் வழக்கமான நாள் ஜனவரி 28. அதன்பின் ஆழ்குழாய்க் கிணறு உள்ளவருக்கே தண்ணீர். எதுவும் கேட்காமல் விளைந்த பயிர் இன்று மோட்டார் கேட்கிறது.

சரியாக வாய்த்த வயலில் விளைச்சல் முன்பைவிடக் கூடுதல் என்பதையும் சொல்ல வேண்டும். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏடிடி 3 போன்ற உளுந்து ரகங்கள் நெல் தரிசுக்கென்றே வந்தன. நாலு கிலோ டிஏபியை முதல் நாள் இரவு ஊறவைத்து, தெளிநீரை 200 லிட்டராக்கி ஏக்கருக்குப் பூக்கும் தறுவாயில் ஒருமுறை, பதினைந்து நாள் கழித்து மறுமுறை அடிப்பது பழகிப்போன வேலை. கைத்தெளிப்பான் சுமந்தவர் நின்ற வரப்பில் இப்போது சில ஊர்களில் ட்ரோன் ஓட்டுகிறவர் நிற்கிறார்.

நெல்லுக்கும் மழைக்கும் இடையிலான கணக்கும் மாறியிருக்கிறது. களத்தில் நாள்கணக்கில் காய்ந்த நெல்லை அன்று வேளை பார்த்து விற்றார்கள். இன்று இயந்திரத்திலிருந்து பச்சையாக இறங்கும் நெல் நேரே கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. அங்கே ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஆகவே தார்ச்சாலையில் கொட்டிக் காயவைத்து, மேகம் கருத்தால் தார்ப்பாயோடு ஓடுகிறார்கள். வயலில் மிச்சமான நாட்களில் பல கொள்முதல் வரிசையில் கழிந்துவிடுகின்றன.

தேதியும் நம் கையில் இல்லை. ஜூன் 12 என்பது மேட்டூர் திறக்கும் நாள் என்று எழுதிவைத்ததுபோல் இருந்தாலும், 2022இல் மே 24 அன்றே அணை திறந்தது. 2024இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தண்ணீர் தள்ளிப்போனால் நடவு தள்ளிப்போகும். அறுவடை மாசிக்கு நகரும். உளுந்து பூக்கும் நேரம் வெயிலில் போய் விழும். வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல் நோய்க்கு அந்தச் சூடு தோது.

உளுந்து எடுத்த வயல் அன்று சும்மா கிடந்தது. சும்மா என்றால் மனிதனுக்குத்தான். ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் ஆட்டு மந்தையோடு வந்து கிடை போட்டார்கள். இரவுக்கு இவ்வளவு என்று கூலி பேசி நிலத்துக்காரர்கள் ஆட்டுப் புழுக்கையை வயலுக்கே வாங்கிக்கொண்டார்கள். சித்திரையில் நல்ல நாள் பார்த்துப் பொன்னேர் பூட்டினார்கள். கோடை மழை ஒன்று இறங்கியதும் புழுதி உழவு. கட்டி பெயர்ந்து, கோரைக் கிழங்கு வெயிலில் காய்ந்து, பூச்சியின் கூட்டுப்புழு மேலே வந்து பறவைக்கு இரையாகும். கோடை உழவு கோடி நன்மை என்பதைச் சொல்லாத விவசாய அலுவலர் இன்றும் இல்லை.

இன்று அதே நாட்களில் திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் பருத்தி நிற்கிறது. மாசியில் ஊன்றி, ஆழ்குழாய்த் தண்ணீரில் வளர்த்து, வைகாசி வாக்கில் வெடிக்கும் பருத்தி. நெல்லும் உளுந்தும் கைவிட்ட வருஷத்தில் இதுதான் கை கொடுக்கிறது என்பவர்கள் உண்டு. ஆனால் சித்திரை மழை கொஞ்சம் ஓங்கினால் சப்பை உதிர்கிறது; வெடித்த பஞ்சு கறைபட்டு விலை சரிகிறது. உழ நினைக்கிறவர் வானத்தைப் பார்த்து வேண்டும்போது, அடுத்த வயல்காரர் இன்னும் பத்து நாள் பெய்யாமல் இருக்கட்டும் என்கிறார். ஆட்டுக் கிடை போடவும் இடம் குறைந்துவிட்டது.

வானிலைச் செய்திக்கு அன்று திருச்சி வானொலி. ஏடிடி 27 நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வரும் அளவுக்கு அதன் சொல்லுக்கு வயலில் மதிப்பு இருந்தது. இன்று காரைக்காலில் ரேடார் சுழல்கிறது. மேகம் எங்கே நிற்கிறது என்று கைப்பேசி காட்டுகிறது. 2023 பிப்ரவரி முதல் வாரத்து மழையும் அறிவிப்போடுதான் வந்தது. அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்தது, தெளித்திருந்த உளுந்து தண்ணீரில் கிடந்தது. தெரிந்திருந்தும், இத்தனை ஆயிரம் ஏக்கரை இரண்டு நாளில் அறுக்க இயந்திரம் எங்கே? அரசு அறிவித்த நிவாரணம் சேதமடைந்த நெல்லுக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய். இளம் பயறுக்கு 3,000 ரூபாய்.